ஏழரை லட்சம் டன் எருமைக்கறி ஒரே வருடத்தில் எங்கே போனது?

வரைபடக்காரன் | #1

எல்லோருக்கும் வணக்கம். எம்.காம் கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்காக நாடுவாரியாக இறைச்சி ஏற்றுமதி அளவை ஒரே வரைபடத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். பிரேசில், ஆஸ்திரேலியா, இந்தியா, அர்ஜென்டினா, 2009 தொடங்கி. மாட்டிறைச்சியும் எருமை இறைச்சியும் ஒரே கணக்கில். மூன்று நாள் உட்கார்ந்து எக்செல்லில் ஏற்றிக் கோடு வரைந்து பார்த்தால், இந்தியாவின் கோடு மட்டும் ஓரிடத்தில் மொட்டைமாடியிலிருந்து குதித்த மாதிரி விழுகிறது. 2014இல் 20.8 லட்சம் டன், 2015இல் 13.1 லட்சம் டன். ஏழரை லட்சம் டன்னுக்கு மேல் காணோம். பழைய செய்திகளைத் தேடினேன், அப்படி ஒரு சரிவைப் பற்றி யாரும் எழுதவில்லை. கைடிடம் காட்டினால் "காரணம் எழுதிக் கொண்டு வா" என்கிறார். இந்தத் தொழில் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

சும்மாதான்கேட்டேன் | #2

இதில் ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கிறது? 2014இல் டெல்லியில் என்ன மாறியது என்று ஊருக்கே தெரியும். அதையே எழுதிவிடு, மார்க் வரும்.

ஷிப்பிங்பில் | #3

அரசியலுக்கு அப்புறம் வரலாம். தம்பி, முதலில் இதைச் சொல். 2014 எண்ணை எங்கே எடுத்தாய், 2015 எண்ணை எங்கே எடுத்தாய்? இரண்டும் ஒரே இடம்தானா?

வரைபடக்காரன் | #4

இல்லை சார். 2014 வரை அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணை கிடைத்தது, அதிலிருந்து எடுத்தேன். அதற்கு மேல் நம் அபெடா (வேளாண் பொருள் ஏற்றுமதியைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) தளத்திலேயே இருந்ததால், நம்மூர்க் கணக்குதானே சரியாக இருக்கும் என்று அதற்கு மாறிவிட்டேன். இரண்டுமே டன்தான் சார்.

ஷிப்பிங்பில் | #5

அங்கேதான் வழுக்கி விழுந்திருக்கிறாய். இரண்டும் டன்தான், ஆனால் எதனுடைய டன் என்று கேட்க வேண்டும். அமெரிக்க அட்டவணை கார்கஸ் கணக்கு, அதாவது தோலும் தலையும் குடலும் போன பிறகு கொக்கியில் தொங்குகிற எலும்போடு கூடிய உடம்பின் எடையாக எல்லாவற்றையும் மாற்றிப் போடுவார்கள். அபெடா போடுவது பெட்டியில் போன எடை. நாம் அனுப்புவது முழுக்க போன்லெஸ், ஒரு எலும்புகூட இருக்காது. அதைக் கார்கஸ் கணக்குக்கு மாற்ற ஏறக்குறைய 1.4ஆல் பெருக்க வேண்டும்.

நீயே போட்டுப் பார். அபெடாவில் 2014-15க்கு 14.75 லட்சம் டன். 1.4ஆல் பெருக்கினால் 20.65. உன்னிடம் இருக்கிற 20.8 அதேதான், கொஞ்சம் வித்தியாசம் வருவது நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதாலும் அவர்கள் ஜனவரியில் தொடங்குவதாலும். 2015-16க்கு அபெடா 13.14 லட்சம். ஆக 14.75இலிருந்து 13.14. சுமார் 11 சதவீதம் குறைந்தது, அவ்வளவுதான். மீதி எல்லாம் எலும்பு.

நான் சென்னையில் ஒரு ஏஜென்சியில் பன்னிரண்டு வருடம் டாக்குமென்டேஷன் பார்த்தவன். எருமைக்கறி பெரும்பாலும் உத்தரப்பிரதேசத்தில் வெட்டப்பட்டு மும்பை பக்கம் நவசேவா துறைமுகம் வழியாகப் போவது, நம் கைக்கு வந்தது கொஞ்சம்தான். ஆனால் பேப்பர் ஒன்றுதான். 20 கிலோ அட்டைப்பெட்டி, நாற்பது அடி ரீஃபர் (குளிரூட்டிய) கன்டெய்னருக்கு 1400 பெட்டி, 28 டன். பேக்கிங் லிஸ்ட்டில் நிகர எடை ஒரு கட்டம், மொத்த எடை ஒரு கட்டம். இந்த இரண்டு கட்டத்தை மாற்றி நிரப்பினதற்கே ஒரு தடவை பெட்டி நான்கு நாள் நின்று கரண்ட் சார்ஜ் ஏறியது. ஒரு கன்டெய்னருக்கே இந்தப் பாடு என்றால் நாடுகளின் கணக்கில் எவ்வளவு குழப்பம் வரும், பார்த்துக்கொள்.

வரைபடக்காரன் | #6

சார்... மூன்று நாள் தூங்கவில்லை நான். 🙏

வன்னிக்காற்று | #7

தம்பி, 1.4 எங்கையிருந்து வருகுது என்று நான் சொல்லுறன். குயின்ஸ்லாந்திலை ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் போனிங் ரூமில் ஒன்பது வருசமாக நிற்கிறன். எங்கட ஆக்கள் கன பேர் இந்த வேலையில்தான் தொடங்கினவை, வந்த புதிசில் வேற என்ன கிடைக்கும்.

மாட்டை அடிச்ச உடனே சூட்டோடு நிறுப்பினம். இங்கை அதுக்குப் பெயரே சூட்டு எடைதான், பண்ணைக்காரனுக்குக் காசு குடுக்கிறது அந்த எடைக்கு. பிறகு ரெண்டாகப் பிளந்து இரவு முழுக்கக் குளிர் அறையில் தொங்கும், அதிலேயே தண்ணி வத்தி நூற்றுக்கு ஒன்று ரெண்டு கிலோ போயிடும். விடிய எங்கட பக்கம் வரும். இடது கையில் இரும்பு வலைக் கையுறை, ஒரு கொக்கி, ஒரு கத்தி. தொடை எலும்பு, தோள் எலும்பு, விலா, முள்ளந்தண்டு எல்லாம் கழட்டி, மேல் கொழுப்பை வழிச்சு எடுத்து, நூறு கிலோ கார்கஸ் மேசைக்கு வந்தால் பெட்டிக்குள் போறது எழுபது கிலோ. கொழுத்த மாடெண்டால் அதிலும் குறையும். எழுபதை 1.4ஆல் பெருக்கிப் பாரும், 98. கணக்கு விளங்கும்.

ஒரு கரைச்சல் இருக்கு. இந்தியாவில் எல்லாம் போன்லெஸ், ஆனால் எங்களிட்டையிருந்து கொஞ்சம் எலும்போடும் போகுது, கொரியாக்காரருக்கு விலா எலும்பு எண்டால் உயிர். அதால் ஆஸ்திரேலியாவின் கணக்கை முழுசாக 1.4ஆல் பெருக்கினால் பிழைக்கும். ஆட்டிறைச்சிக்கு அந்த 1.4 கிட்டவும் வராது, பாதிக்கு மேல் எலும்போடையே போகுது.

கீழக்கரைக்காக்கா | #8

வன்னித் தம்பி சொன்னதைக் கோழிக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் தம்மாமில் கோல்ட் ஸ்டோரேஜில் இருக்கிறேன். வளைகுடாவுக்கு பிரேசிலில் இருந்து வருகிற கோழி தனி ரகம், ஒரு கிலோ ஒன்றே கால் கிலோ முழுக்கோழி, இந்தச் சந்தைக்கென்றே சின்னதாக வளர்த்து அறுப்பார்கள். 900, 1000, 1100 கிராம் என்று நூறு நூறாகப் பிரித்துப் பெட்டி போட்டிருப்பார்கள். அதே பிரேசில் ஜப்பானுக்கு அனுப்புவது எலும்பு எடுத்த தொடைக்கறி. சீனாவுக்குக் கோழிக்கால், நகத்தோடு இருக்கிற அந்தப் பாதம். ஒரே நாட்டின் ஒரே "கோழி ஏற்றுமதி" எண்ணுக்குள் மூன்று சாமான்.

2023இல் பிரேசில் கோழிக்காரர்களின் சங்கம் சொன்ன அளவு 51 லட்சம் டன் சொச்சம். அமெரிக்க அட்டவணையில் அதே வருடத்துக்கு 48 லட்சத்தைத் தொடவில்லை. பொய் யாரும் சொல்லவில்லை, அமெரிக்கக்காரன் கோழிப் பாதத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாதம் எவ்வளவு போகிறது என்று கன்டெய்னர் திறந்தவனுக்குத்தான் தெரியும்.

மாட்டுடாக்டர் | #9

கால்நடைத் துறையில் ஓய்வு பெற்றவன். ஷிப்பிங்பில் "முழுக்க போன்லெஸ்" என்றார், அது ஏன் என்று யாரும் கேட்கவில்லையே. நம் நாட்டிலிருந்து எலும்போடு எருமைக்கறி அனுப்பவே அனுமதி கிடையாது. பசு இறைச்சி எந்த வடிவிலும் கிடையாது, அது வேறு விஷயம். எருமையிலும் எலும்பு எடுத்து, நிணநீர் முடிச்சுகளை நீக்கி, உறையவைத்துத்தான் அனுப்ப வேண்டும்.

காரணம் கோமாரி நோய். நம் ஊரில் அது இன்னும் இருக்கிறது. அறுத்த உடலைக் குளிர் அறையில் ஒரு நாள் தொங்கவிட்டால் தசையில் லாக்டிக் அமிலம் ஊறும், அமிலநிலை 6க்குக் கீழே இறங்கும், அதில் அந்த வைரஸ் பிழைக்காது. ஆனால் எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர் முடிச்சிலும் அமிலம் அவ்வளவு ஊறாது, அங்கே ஒளிந்துகொண்டு உயிரோடு இருக்கும். ஆகவே அந்த இரண்டையும் எடுத்துவிட்டு வா, மீதியை வாங்கிக்கொள்கிறேன் என்பதுதான் வாங்குகிற நாடுகளின் நிபந்தனை. அதுவும் எல்லா நாடும் இல்லை. ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா இப்படியும் வாங்காது. நாம் போவது மலேசியா, எகிப்து, வியட்நாம், 2016க்குப் பிறகு இந்தோனேசியா, அப்புறம் வளைகுடா.

ஆக தம்பியின் வரைபடத்தில் விழுந்த பள்ளத்துக்குக் காரணம் கேட்டால், நான் கோமாரி வைரஸ் என்றுதான் சொல்வேன். 😄

வரைபடக்காரன் | #10

ஐயா இதை அப்படியே ப்ராஜெக்ட்டில் போட்டுக்கொள்ளலாமா? கைடு மிரண்டுவிடுவார்.

சரி, இன்னொரு சந்தேகம். மற்ற நாடுகளின் சொந்தக் கணக்குகள் எந்த டன்னில் இருக்கின்றன?

ஷிப்பிங்பில் | #11

ஆளுக்கு ஒன்று. பிரேசிலின் ஏற்றுமதிச் சங்கம் பெட்டி எடை போடும். 2024க்கு 28.9 லட்சம் டன், அதுவரை இல்லாத உச்சம். ஆஸ்திரேலியாவும் கப்பலேறிய எடைதான், அதே வருடம் 13.4 லட்சம். அர்ஜென்டினா மட்டும் ஸ்பானிய மொழியில் "எலும்போடு கூடிய உடல் சமானம்" என்று தலைப்பிலேயே எழுதி கார்கஸ் கணக்கைப் போடும். தலைப்பைப் படிக்காமல் எண்ணை மட்டும் காப்பி பேஸ்ட் செய்தால் அர்ஜென்டினா கொழுத்துவிடும், பிரேசில் இளைத்துவிடும்.

இன்னொன்று, சுங்கக் குறியீட்டைப் பார்த்துக்கொள். 0201 குளிர்ந்த மாட்டிறைச்சி, 0202 உறைந்தது, நம் எருமையும் உலகக் கணக்கில் 0202க்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. 0206 ஈரல், குடல், நாக்கு வகையறா. 0207 கோழி. இதுவரை சரி. 1602 என்று ஒன்று தள்ளி இருக்கிறது, சமைத்தது, பதப்படுத்தியது. இதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். தாய்லாந்தை எடுத்துக்கொள். 2004 தொடக்கத்தில் அங்கே பறவைக் காய்ச்சல் வந்து, ஐரோப்பாவும் ஜப்பானும் பச்சைக்கோழியை நிறுத்தின. 0207 மட்டும் பார்த்தால் தாய்லாந்து செத்தே போய்விட்டது என்று நினைப்பாய். ஆனால் அவர்கள் கோழியை வேகவைத்து, பொரித்து, குச்சியில் குத்தி, சுட்டு அனுப்ப ஆரம்பித்தார்கள், எல்லாம் 1602க்குப் போய்விட்டது. ஐரோப்பா 2012இல் தடையை நீக்கியது, அதற்குள் அவர்களுக்கு வேகவைத்த கோழியே பெரிய தொழிலாகிவிட்டது. தடை வந்ததால் பணக்காரனான கதை.

சும்மாதான்கேட்டேன் | #12

எல்லாம் சரி, ஆனால் 2014க்குப் பிறகு குறைந்தது உண்மையா இல்லையா? 11 சதவீதமோ என்னவோ. குறைந்ததுதானே? ஏன் மழுப்புகிறீர்கள்?

ஷிப்பிங்பில் | #13

குறைந்தது உண்மை. ஆனால் எந்த வருடம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். 2009-10இல் 4.95 லட்சம் டன். 2012-13இல் 11 லட்சம். 2013-14இல் 14.5. 2014-15இல் 14.75, அதுதான் உச்சி. 2016-17இல் 13.3.

இப்போது கவனியுங்கள். 2017 மார்ச்சில் உத்தரப்பிரதேசத்தில் ஆட்சி மாறி உரிமம் இல்லாத அறுப்புக்கூடங்களைப் பூட்டினார்கள். மே மாதம் மத்திய அரசு சந்தையில் அறுப்புக்கு மாடு விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான் அதற்கு முதலில் இடைக்காலத் தடை கொடுத்தது, பிறகு உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதுக்கும் நீட்டித்தது. அந்த 2017-18 நிதியாண்டில் ஏற்றுமதி எவ்வளவு? 13.48 லட்சம் டன். முந்தின வருடத்தைவிடக் கூடியிருக்கிறது! ஏற்றுமதி ஆலைகள் அபெடா பதிவு பெற்றவை, பூட்டியது வேறு கடைகள். அடி வாங்கியவன் உள்ளூர்க் கறிக்கடைக்காரனும் மாடு விற்கிற விவசாயியும். அது ஏற்றுமதிக் கோட்டில் தெரியாது.

பெரிய இறக்கம் அதற்குப் பின்னால்தான். 2018-19இல் 12.3, அடுத்த வருடம் 11.5, கொரோனா வருடத்தில் 10.86. ஏன் என்று கேட்டால் வியட்நாமைப் பார்க்க வேண்டும்.

கிள்ளான்வாசி | #14

வியட்நாம் பேச்சு வந்துவிட்டதா, அப்படியென்றால் நான் வருகிறேன். மலேசியாவில் கிள்ளான் துறைமுகம் பக்கம் இறைச்சி மொத்த வியாபாரம். எங்கள் ஊர் மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவகம்) கறியில் பாதி இந்திய எருமைதான், ஆஸ்திரேலியா மாட்டுக்கறி விலைக்கு நாசி கண்டார் (சோறும் கறியும்) விற்றால் கடையை மூட வேண்டியதுதான். எருமைக் கறி நார் தடித்தது, ஆனால் ரெண்டு மணி நேரம் அடுப்பில் கிடந்தாலும் கரையாது, மசாலா நன்றாக ஏறும். தம்பி சாப்பிட்டிருக்க மாட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். 2010க்குப் பிறகு பல வருடம் இந்தியாவின் பட்டியலில் முதலிடம் வியட்நாமுக்கு. அந்த ஊர்க்காரன் பத்துக் கோடி பேர் காலை மதியம் இரவு எருமையே சாப்பிட்டாலும் அவ்வளவு தீராது. ஹைபோங் துறைமுகத்தில் இறங்கும், வடக்கே லாரி ஏறும், எல்லை தாண்டிச் சீனாவுக்குப் போய்விடும். சீனா அதிகாரபூர்வமாக இந்திய எருமையை வாங்கவே இல்லை, கோமாரி நோய்க் காரணம்தான். ஆகவே இந்தியக் கணக்கில் வியட்நாம், வியட்நாம் கணக்கில் பாதி காணோம், சீனக் கணக்கில் சுத்தமாக இல்லை. சீனா எல்லையில் கிடுக்கிப்பிடி போட்டபோது இந்தியாவின் கோடு இறங்கியது. அதே நேரம் பிரேசிலும் அர்ஜென்டினாவும் சீனாவுக்கு நேராக அனுப்பிய கோடு ஏறியது. சாப்பிடுகிறவன் அதே சீனன்தான், தட்டு மட்டும் மாறியது.

வரைபடக்காரன் | #15

அப்போது "எந்தப் பகுதிக்கு எவ்வளவு" என்று நான் வைத்திருக்கிற இரண்டாவது அத்தியாயத்தில் வியட்நாமை எங்கே போடுவது? தென்கிழக்கு ஆசியாவிலா கிழக்கு ஆசியாவிலா?

கிள்ளான்வாசி | #16

சீனாவில் போடு. எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

ஷிப்பிங்பில் | #17

போடாதே. ஷிப்பிங் பில்லில் (சுங்கத்துக்குக் கொடுக்கிற ஏற்றுமதிப் பத்திரம்) என்ன ஊர் எழுதியிருக்கிறதோ அதைத்தான் போட முடியும். எத்தனை டன் எல்லை தாண்டியது என்று யாரிடம் ரசீது இருக்கிறது? அடிக்குறிப்பில் எழுது.

வன்னிக்காற்று | #18

பகுதி எண்டு சொன்னீங்கள், ஒரு சின்ன விசயம். ஐரோப்பாவை ஒரு பகுதியாகப் போடப் போறீரோ? ஐநாவின் உணவு அமைப்பின் கணக்கில் நெதர்லாந்து ஜெர்மனிக்கு விற்கிறதும் ஏற்றுமதிதான். அமெரிக்க அட்டவணையில் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க ஒரு நாடு மாதிரி, உள்ளுக்குள் விற்கிறது கணக்கில்லை. 2004இல் பத்து நாடு புதிசாகச் சேர்ந்தது, பிறகு பிரிட்டன் வெளியே போட்டுது. நேற்றுவரை வீட்டுக்குள் குடுத்த சாமான் இண்டைக்கு ஏற்றுமதி. சோவியத் உடைஞ்ச நேரமும் இதே கதை, உக்ரைனிலிருந்து மாஸ்கோவுக்குப் போன இறைச்சி 1991 வரைக்கும் உள்நாட்டு வியாபாரம். பிறகு பார்த்தால் கோடு எழும்பும், ஆனால் ஒரு மாடும் கூடுதலாக அடிக்கவில்லை.

சும்மாதான்கேட்டேன் | #19

சரி, ஒப்புக்கொள்கிறேன், 2017-18 எண் நான் எதிர்பார்க்காதது. ஆனாலும்...

நெறியாளர் | #20

"ஆனாலும்" என்பதற்குப் பின் வந்த பதினொரு பதிவுகள் தனி இழைக்கு மாற்றப்பட்டுள்ளன. இங்கே டன் மட்டும் பேசவும்.

மாட்டுடாக்டர் | #21

ஆஸ்திரேலியாவின் கோட்டைப் பார்த்துத் தம்பி தவறாக எழுதிவிடக் கூடாது என்று ஒன்று சொல்கிறேன். 2014இல் 12.9 லட்சம் டன், 2022இல் 8.5 லட்சம், 2024இல் 13.4. படிக்காதவன் என்ன நினைப்பான்? 2014இல் நல்ல மழை, 2022இல் வறட்சி என்று. நேர் எதிர். 2013 முதல் 2015 வரை குயின்ஸ்லாந்தில் வறட்சி, புல் இல்லை, வைத்துக்கொள்ள முடியாமல் கிடாரியையும் தாய்ப்பசுவையும் சேர்த்து அறுப்புக்கு அனுப்பினார்கள், ஏற்றுமதி எகிறியது. 2019இலும் அப்படித்தான், 12.3 லட்சம். பிறகு மழை வந்தது. மழை வந்தால் பண்ணைக்காரன் மாட்டை விற்கமாட்டான், கன்று போட வைத்துக்கொள்வான், ஏற்றுமதி விழும். அந்தக் கன்றுகள் வளர்ந்து வருவதற்கு இரண்டு மூன்று வருடம். 2024இல் ஏறியது அந்தக் கன்றுகள்தான்.

வன்னிக்காற்று | #22

ஐயா சொல்லுறது நூற்றுக்கு நூறு. 2019இல் ஓவர்டைம் போட்டே கை வீங்கினது. 2022இல் வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை. வெளியில் பார்த்தால் புல் இடுப்பளவுக்கு நிக்குது, மழை கொட்டுது, எல்லாரும் சந்தோசம், எங்களுக்குத்தான் சம்பளம் இல்லை.

மாட்டுடாக்டர் | #23

அர்ஜென்டினாவில் மனிதனே செய்த வறட்சி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் தட்டில் இருந்த மாட்டிறைச்சிக்கு அவர்கள்தான் பெரிய ஊற்று. 2005இல்கூட கார்கஸ் கணக்கில் ஏழரை லட்சம் டன்னுக்கு மேல். உள்நாட்டில் கறி விலை ஏறுகிறது என்று 2006 மார்ச்சில் ஏற்றுமதிக்கு ஆறு மாதத் தடை, அப்புறம் ஒதுக்கீடு, வரி. அந்த ஊரில் கறி விலை ஏறினால் அரசாங்கம் ஆடும், நமக்கு வெங்காயம் மாதிரி. விலை கிடைக்கவில்லை என்றதும் பண்ணைக்காரன் தாய்ப்பசுவை விற்றுவிட்டு மேய்ச்சல் நிலத்தில் சோயா போட்டான், நடுவில் 2008-09இல் நிஜ வறட்சியும் சேர்ந்துகொண்டது. கோடியளவில் மாடு குறைந்தது. 2012இல் ஏற்றுமதி இரண்டு லட்சம் டன்கூட இல்லை. 2015 கடைசியில் ஆட்சி மாறி வரியை நீக்கினார்கள், சீனா வாங்க ஆரம்பித்தது, 2019இல் பழைய அளவுக்கே வந்துவிட்டார்கள். 2021 மே மாதம் மறுபடி ஒரு மாதத் தடை! திருந்தவே மாட்டார்கள்.

கீழக்கரைக்காக்கா | #24

ஆண்டுக் கணக்கு சில விஷயத்தை முழுங்கிவிடும், அதையும் எழுதிவிடுங்கள். 2021 செப்டம்பரில் பிரேசிலில் இரண்டு மாட்டுக்குப் பைத்தியமாட்டு நோய் என்று தெரிந்ததும் சீனாவுக்குப் போகிற கறியை நிறுத்தினார்கள், டிசம்பர் பாதியில்தான் திறந்தது. மூன்றரை மாதம் பெரிய வாங்குபவனே இல்லை. ஆனால் வருடக் கடைசியில் பார்த்தால் 20 லட்சம் டன் 19க்குக் கீழே இறங்கினது மாதிரி, ஏதோ சின்னத் தடுமாற்றம் போலத் தெரியும். மாதக் கணக்கில் பார்த்தால்தான் குழி தெரியும்.

அப்புறம், உயிரோடு போகிறது எந்தக் கட்டத்தில் வரும்? இங்கே ஹஜ் சீசனில் ஜித்தாவுக்கு சோமாலியாவின் பெர்பராவிலிருந்து கப்பல் கப்பலாக ஆடு வரும். ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதி இறைச்சி ஏற்றுமதியில் எங்கே என்று உங்கள் வரைபடத்தில் தேடினால் தரையோடு தரையாகக் கிடக்கும், ஏனென்றால் அவர்கள் கறியை அனுப்பவில்லை, நான்கு காலில் நடக்கவிட்டு அனுப்புகிறார்கள். அது தலைக்கணக்கு, டன் இல்லை. ஆஸ்திரேலியாவும் செம்மறியை உயிரோடு கப்பலில் அனுப்புகிறது, 2028 மே 1 முதல் நிறுத்தச் சட்டம் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆட்டிறைச்சி டன் கூடினால், "ஆஹா வளர்ச்சி" என்று ஒருத்தர் கட்டுரை எழுதுவார் பாருங்கள்.

மாட்டுடாக்டர் | #25

ஆடு என்றதும் நியூசிலாந்து. 1882 பிப்ரவரியில் டனீடன் என்ற பாய்மரக் கப்பல் உறைந்த ஆட்டுக்கறியோடு அங்கிருந்து புறப்பட்டு மே மாதம் லண்டன் சேர்ந்தது, அந்த ஊரின் தலையெழுத்தே மாறியது. சரியாக நூறு வருடம் கழித்து, 1982இல், அங்கே ஏழு கோடி செம்மறி. இப்போது இரண்டரைக் கோடிகூட இல்லை. ஆனால் குட்டி இறைச்சி ஏற்றுமதி மூன்றில் ஒரு பங்காகிவிட்டதா? இல்லவே இல்லை. ஒரு ஆடு போடுகிற குட்டியும் கூடியது, குட்டி ஒன்றின் எடையும் கூடியது. கால்நடைக் கணக்கெடுப்பைப் பார்த்து ஏற்றுமதியை ஊகிக்காதே என்பதற்காகச் சொன்னேன். நம்மிடம் 2019 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 11 கோடி எருமை, அதுவும் பாலுக்காக. கறியாகிப் போவது பால் வற்றியதும் கடாவும்தான்.

வரைபடக்காரன் | #26

இரண்டு நாள் கழித்து வருகிறேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். நான்கு நாட்டுக்கும் ஒரே மூலம், அமெரிக்க அட்டவணை, கார்கஸ் கணக்கு, ஜனவரி முதல் டிசம்பர். அபெடா எண்களைத் தனி அட்டவணையாக, பெட்டி எடை என்று பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டு வைத்திருக்கிறேன். இந்தியாவின் கோடு இப்போது குதிக்கவில்லை, படி இறங்குகிற மாதிரி இறங்குகிறது, 2020க்குப் பிறகு கொஞ்சம் ஏறுகிறது. 2014இல் உலகத்திலேயே முதலிடம், பிரேசிலுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மேலே! இது எனக்குத் தெரியவே தெரியாது.

பண மதிப்பையும் ஒரு கோடாகச் சேர்க்கலாமா?

ஷிப்பிங்பில் | #27

சேர், ஆனால் ஒரே படத்தில் வேண்டாம். 2023-24இல் நாம் 12.95 லட்சம் டன், 374 கோடி டாலர். கிலோவுக்கு மூன்று டாலர்கூட வரவில்லை. பிரேசில் 2024இல் 28.9 லட்சம் டன், 1280 கோடி டாலர், கிலோ நாலரை டாலர் பக்கம். முதலிடம் முதலிடம் என்று குதிக்கிறாயே, எடையில் முதலிடம் தம்பி. எருமைக்கறி உலகச் சந்தையில் மலிவுச் சரக்கு.

கிள்ளான்வாசி | #28

மலிவாக இருப்பதால்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். வியட்நாமை என்ன செய்தாய்?

வரைபடக்காரன் | #29

தென்கிழக்கு ஆசியாவிலேயே வைத்துவிட்டேன் அண்ணே, ஆனால் கோட்டைப் புள்ளி புள்ளியாகப் போட்டிருக்கிறேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஏன் புள்ளி என்று கேட்டால் ஹைபோங் லாரிக் கதையைச் சொல்லிக்கொள்கிறேன்.

வன்னிக்காற்று | #30

கேட்காட்டிலும் சொல்லும்.